புல்வெட்டும் மிஷினுக்கு நெற்றி எங்கே?

ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்டால் காசு கேட்கமாட்டான் என்று யாரோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். தோட்ட வேலை செய்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைக் கேட்காமலே என்னைச் சேர்த்திருக்கிறார்கள். காலையில் ரோஜாப்பூ வைத்து ஒரு குட்மார்னிங், மாலையில் மாவுப்பூச்சிக்கு மருந்து, நடுவில் யாராவது ஒருவரின் பேத்தியுடைய நடனம். போன வாரம் தி.நகரில் தோட்டப் பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டும் மிஷின் ஒன்று வாங்க வேண்டும், தினமும் வேலை வாங்கினாலும் பல வருஷம் உழைக்க வேண்டும், எது நல்லது?

கேட்ட மாத்திரத்தில் பதில்கள் கொட்டின. ஒருவர் பேட்டரி என்றார். ஒருவர் பெட்ரோல்தான் என்றார். மூன்றாமவர் ஒரு வீடியோ அனுப்பினார். அதில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு கையில் காபியும் மறு கையில் மிஷினுமாக நடந்துகொண்டிருந்தார். நாலாமவர், ஆளே இல்லாமல் தானாக ஓடும் ரோபோ வந்துவிட்டது, நாமெல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்றார். மொட்டை மாடியில் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் வளர்த்திருக்கும் ஒரு வீட்டில் அதை வாங்கியிருக்கிறார்களாம். அது தினமும் காலையில் கிளம்பி, துளசி மாடத்தில் முட்டிக்கொண்டு, யாராவது வந்து திருப்பிவிடும் வரை அங்கேயே நிற்கிறதாம். கடைசியாக எல்லோரும் சேர்ந்து, "அந்தோணி சார் சொல்லட்டும்" என்றார்கள். அந்தோணி நான்தான். சொல்கிறேன், ஆனால் வாட்ஸ்அப்பில் அடங்காது.

அடையாற்றில் ஒரு மனமகிழ் மன்றத்தில் தோட்ட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மன்றத்தின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் எனக்கு டிகாஷன் காபி கொடுக்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. சாந்தோமில் எங்கள் குடும்பத்தில் அப்பா வாத்தியார், சித்தப்பா வாத்தியார், அக்கா தலைமை ஆசிரியை. நான் ஒருவன்தான் மண்ணைக் கிளறப் போனேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, "தம்பி இப்ப எங்க இருக்கான்?" என்று யாராவது என் அக்காவிடம் கேட்டால், அக்கா "கிளப்புல நிர்வாகம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். முதல் சில வருஷங்கள் தண்ணீர் பிடித்தேன், சருகு பொறுக்கினேன், உறுப்பினர்களின் நாய்கள் செய்துவிட்டுப் போனதை அள்ளினேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது கையால் தள்ளும் உருளை மிஷின். ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும், ஒருவர் முன்னாலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். உறுப்பினர்கள் வராந்தாவில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, "இந்த ஓரம் கொஞ்சம் மேடா இருக்கே" என்பார்கள். மிஷினைத் தள்ளுபவர் பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் தனம்மா. தள்ளித் தள்ளி அந்த அம்மாவுக்குத் தோள் ஆண்பிள்ளைத் தோளாகிவிட்டது. பல வருஷமாகத் தினக்கூலிதான். நிரந்தரம் என்ற சொல்லை நிர்வாகக் குழு ஒவ்வொரு தீபாவளிக்கும் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடும்.

அப்புறம் ஒரு வருஷம் குழுவுக்கு ஞானம் பிறந்தது. மோட்டார் மிஷின் வாங்குவது, அதை ஓட்டுகிற ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். கூடவே ஒரு வால். ஆண்டு விழாவுக்குள் மிஷின் ஒழுங்காக ஓடி முழுப் புல்வெளியையும் வெட்டிக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோட்டத்தைக் கிண்டியில் இருக்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியிடம் விட்டுவிடுவது. ஓட்டப்போவது தனம்மா. அந்த அம்மாவின் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வேலை நிரந்தரமானால் இ.எஸ்.ஐ. மருத்துவம் கிடைக்கும், இல்லையென்றால் வாரத்தில் பாதி நாள் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரிசையில்தான். குழுவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் வாலைச் சேர்த்தார்கள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் அவ்வளவு தூரம் யோசிப்பவர்கள் இல்லை.

மிஷின் வாங்க என்னோடு வந்தவர் செயலாளர் ராமதுரை சார். மயிலாப்பூர்க்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். பூந்தொட்டி, நாற்காலி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை. கார் சாவியை எடுத்து இரண்டு தட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு. மனிதர்களையும் இப்படித் தட்டிப் பார்க்க முடியவில்லையே என்று அவருக்கு ஒரு குறை இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மவுண்ட் ரோடு கடையில் எங்களுக்கு முதலில் காட்டியது பளபளவென்று இருந்தது. அட்டைப் படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தாள். கால்சட்டையில் ஒரு புல்கூட ஒட்டவில்லை. நான் கடைக்காரரிடம் மிஷினைச் சாய்க்கட்டுமா என்று கேட்டேன். புதுப் பொருளைச் சாய்ப்பதா என்று அவர் முகம் சுண்டிவிட்டது.

வாட்ஸ்அப்பில் கேட்டவருக்காக இதை விவரமாகச் சொல்கிறேன். மிஷினின் மேல்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறவன் வர்ணத்தைத்தான் வாங்குகிறான். முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். பிளேடுக்கு யார் விரல் என்று தெரியாது. பிறகு ஏர் ஃபில்டர் மேலே வருகிற மாதிரி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் அந்த ஃபில்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்தவுடன் மாநகராட்சிக் கொசுமருந்து வண்டி மாதிரி புகை விடும். பிளேடைச் சுற்றியிருக்கும் கூடு கனமான இரும்பா, பெயருக்குத் தகரமா என்று பார்க்க வேண்டும். அடையாற்றுக் கடற்காற்றும் மழைக்கால ஈரப்புல்லும் சேர்ந்தால் மெல்லிய தகரம் இரண்டு மழைக்குத் தாங்காது. சக்கரத்தில் பேரிங் இருக்கிறதா, பிளாஸ்டிக் ஓட்டையில் கம்பியைச் சொருகியிருக்கிறார்களா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட வேண்டும். தானாக நகரும் வகையாக இருந்தால் இழுவை பின் சக்கரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தில் இருந்தால், பின்னால் தொங்கும் பை நிறையப் புல் சேர்ந்ததும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும்.

இவ்வளவும் நான் செய்துகொண்டிருக்க, ராமதுரை சார் சாவியை எடுத்துக் கூட்டின் மேல் தட்டினார். டொக் என்றது.

"அந்தோணி, இது ஒழைக்காது. பாத்துண்டே இருங்கோ" என்றார். பிறகு கடைக்காரரிடம், "இதுக்கு பிளேடு எங்கே கெடைக்கும்?" என்று கேட்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, உருப்படியான கேள்வி.

"ஆர்டர் போட்டா வந்துடும் சார்."

"எங்கேர்ந்து வரும்?"

"ஆர்டர் போட்டாத்தான் சார் தெரியும்."

மூலையில் ஒன்று கிடந்தது. கனமான இரும்புக் கூடு, மாட்டுச் சாணி நிறம், படத்தில் பெண்ணும் இல்லை. அதன் பிளேடும் பெல்ட்டும் பக்கத்துச் சந்திலேயே கிடைக்கும் என்றார் கடையின் மெக்கானிக். ராமதுரை சார் தட்டினார். ணங் என்றது. கண்ணை மூடித் திறந்து, "இதான்" என்றார். நான் அரை மணி நேரம் மண்டியிட்டுக் கண்டுபிடித்ததை அவர் இரண்டு தட்டில் கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இனிமேல்தான் தலைவர் வருகிறார். எங்கள் மன்றத் தலைவர் கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக்கு விளக்குகள் வாடகைக்கு விடுபவர். பூஜை போடாமல் அவர் தண்ணீர்க் குழாய்கூடத் திறக்கமாட்டார். மிஷின் வந்த அன்று புல்வெளியில் ஷாமியானா, தேங்காய், பூசணிக்காய், எலுமிச்சம்பழம், வீடியோ எடுக்க ஒருவர். மிஷினுக்கு மாலை போட்டாகிவிட்டது. தலைவர் சந்தனக் கிண்ணத்தோடு மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

"இதுக்கு நெத்தி எங்கய்யா இருக்கு?"

நியாயமான கேள்வி. காருக்கு முன்பக்கம் உண்டு, காமிராவுக்கு உச்சி உண்டு. புல்வெட்டும் மிஷினுக்கு முகமே கிடையாது. எல்லோரும் சுற்றி நின்று தேடினோம். நிர்வாகக் குழு முழுமையாக ஒரு விஷயத்தில் மூளையைச் செலவழித்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கடைசியில் பெட்ரோல் டாங்கின் சிவப்பு மூடி எல்லோருக்கும் பிடித்துப்போனது. வட்டமாக இருந்தது, நடுவில் இருந்தது, மேலே பார்த்திருந்தது. தலைவர் அதன் மேல் உள்ளங்கை நிறையச் சந்தனத்தை அப்பி, நடுவில் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தி வைத்தார்.

"அழியாமப் பாத்துக்கணும். வெள்ளிக்கு வெள்ளி புதுசா வைக்கணும்" என்று வாட்ச்மேனிடம் உத்தரவும் போட்டார்.

மிஷின் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. கைதட்டல். தனம்மா இரண்டு வரிசை போய்த் திரும்பினார். மூன்றாவது வரிசையின் நடுவில் மிஷின் இருமியது, நின்றது. அதற்குள் எல்லோரும் டிபனுக்குப் போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை. மறுநாளும் அதே கதை. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும்; கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் அசையாது; நிழலில் தள்ளி வைத்து நேரம் போனபின் இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ஃபில்டரைத் தட்டினேன். ஆயிலைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஓடுவதைத் தவிர.

கடையின் மெக்கானிக் வந்தார். வந்தவுடன் செய்த முதல் காரியம் மூடியைத் திருகி டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தது. பெட்ரோல் இருந்தது. மூடியைப் போட்டார், கயிற்றை இழுத்தார், முதல் இழுப்பிலேயே உறுமியது. ஒரு வரிசை ஓட்டிக் காட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"மிஷின் சோக்கா கீது சார். ஓட்றவங்களுக்குத்தான் கை வர்ல. லேடீஸு பாரு."

அவர் தெருமுனை தாண்டியிருக்கமாட்டார், மிஷின் தனம்மாவின் கையில் மறுபடி நின்றது. மூன்று தடவை அவரை அழைத்தோம். மூன்று தடவையும் அவர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மிஷின் ஓடியது, அவர் அதையே சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை தலைவரும் நின்றுகொண்டிருந்தார். "இந்த அம்மாவுக்கு ராசி இல்லை போல" என்றார். படப்பிடிப்பில் விளக்கு எரியவில்லை என்றால் இப்படித்தான் யாராவது ஒருவரை வெளியே அனுப்புவார்களாம். கிண்டி கம்பெனியின் ஆள் வந்து வராந்தாவில் உட்கார்ந்து காபி குடிக்க ஆரம்பித்துவிட்டார். தனம்மா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினின் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைத் திறக்காமல், "இன்னாதான் கோவம் உனுக்கு என்மேல?" என்று அதைக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். திரும்பி வேறு பக்கம் போய்விட்டேன்.

ஆண்டு விழா நாள் காலையில் கிண்டியிலிருந்து வேறொருவர் வந்தார். இவர் கம்பெனி ஆள் இல்லை, குரங்கு. கிண்டிக் காட்டிலிருந்து மதில் மதிலாகத் தாவி எங்கள் கொய்யா மரத்துக்கு அடிக்கடி வருவார்கள். தனம்மா பெட்ரோல் ஊற்றுவதற்காக மூடியைத் திருகிப் புல்லில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் வைத்த புதுச் சந்தனமும் குங்குமமுமாக அது பார்க்கப் பழம் மாதிரியே இருந்தது. குரங்கு இறங்கி வந்தது, எடுத்தது, தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து கடித்துப் பார்த்தது. நாங்கள் கீழே நின்று கத்தினோம், கெஞ்சினோம், வாழைப்பழம் காட்டினோம். அது மூடியோடு மதிலைத் தாண்டிவிட்டது.

சாயங்காலம் விழா. கடைக்குப் போய் வேறு மூடி வாங்கிவர நேரமில்லை. தனம்மா முந்தானையின் ஓரத்தைக் கிழித்து, மடித்து, டாங்கின் வாயில் லேசாக அடைத்தார். பெட்ரோலுக்கு மேல் துணி, பக்கத்தில் சூடான சைலன்சர். செய்யவே கூடாத காரியம், யாரும் செய்யாதீர்கள். நான் ஒரு வாளி மணலோடு கூடவே நடந்தேன். முதல் வரிசை போனது. மூன்றாவது போனது. மிஷின் நிற்கவில்லை. கொடிக்கம்பம் வரை, மேடை வரை, மதில் ஓரம் வரை முழுப் புல்வெளியையும் ஒரே ஓட்டமாக வெட்டி முடித்துவிட்டு, நாங்கள் நிறுத்தியபோதுதான் நின்றது.

மணல் வாளியைக் கீழே வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெட்ரோல் டாங்கின் மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது, மிஷின் மூச்சு முட்டி நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்து, உடனே ஓடும். தலைவர் தேடிக் கண்டுபிடித்த நெற்றியில்தான் மிஷினின் மூக்கு இருந்தது. அதில்தான் வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் அப்பினோம்.

தனம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த அம்மா சிரிக்கவில்லை. "யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத சார்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது புரியவில்லை. ராமதுரை சாரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாஸ்தவம்தான் அந்தோணி. ஆனா தலைவர் வெச்ச பொட்டாலதான் நின்னதுன்னு யார் சொல்றது? நான் சொன்னா மயிலாப்பூர்க்காரன் நக்கல் பண்றான்பார். நீங்க சொன்னா..." என்று இழுத்தார். முடிக்கத் தேவையில்லை. அந்தோணி என்று பெயர் வைத்துக்கொண்டு குங்குமத்தைக் குற்றம் சொன்னால் அடுத்த வாரம் நானும் கொய்யா மரத்தில் உட்கார வேண்டியதுதான். ஆனாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ராசியில்லாதவள் என்ற சொல் என் காதிலேயே இருந்தது.

விழாவுக்கு முன்பே குழு கூடியது. வெட்டிய புல்வெளி ஜன்னல் வழியாகக் கம்பளம் விரித்த மாதிரி தெரிந்தது. தலைவர் புதுப் பட்டுச் சட்டையில் இருந்தார். "பாத்தீங்களா, பூஜை போட்ட மிஷின்! லேட்டானாலும் ஷாட் ஓகே" என்றார். பிறகு மெக்கானிக் எழுதிக் கொடுத்திருந்ததைக் கையில் எடுத்தார். மிஷினில் பழுது இல்லை, ஓட்டுபவரின் தவறு என்று இருந்தது. "ஆக, இத்தன நாள் நின்னது யாராலன்னு தெளிவா இருக்கு. என்ன செய்யலாம்?"

நான் எழுந்தேன். "சார், அதுக்குக் காரணம்..." என்று ஆரம்பித்தேன்.

"என் தப்புத்தான் சார்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். தனம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "புது மிஷினு, எனுக்குப் பழக்கமில்ல. கன்னாபின்னான்னு ஓட்டிக்கினு இருந்தேன். ஐயா பூஜ போட்ட பலன், இப்ப கைக்கு வந்துட்ச்சு. நீங்களே பாத்தீங்களே, நிக்காம ஓட்டுனேன்."

தலைவரின் முகம் மலர்ந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. "தப்ப ஒத்துக்கிறவங்கதான்யா பெரிய ஆளு" என்றார்.

"இன்னொண்ணுங்க ஐயா. மூடியக் கொரங்கு தூக்கினு போச்சு. புது மூடி வந்தா பொட்ட அதுல வைக்க வாணாம், மறுபடியும் தூக்கினு போவும். கைப்பிடில வைங்க. தெனம் தொட்டுக் கும்புட்டு எடுப்பேன்."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தனம்மாவுக்கு நிரந்தர வேலை என்று அங்கேயே தீர்மானம் ஆனது. கிண்டி ஆளுக்குக் கடைசிக் காபி கொடுத்து அனுப்பினார்கள். விழா மேடையில் தலைவர் தவறை மன்னிப்பதன் மேன்மையைப் பற்றிப் பேசினார், தனம்மாவுக்கு மேடையில் ஒரு துண்டு போர்த்தினார், உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மிஷின் அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஓடியது.

அன்று கூட்டம் கலைந்தபின் மிஷின் கொட்டகைக்குப் போனேன். செய்யாத தப்பை எல்லோர் முன்னாலும் எதற்காக ஒத்துக்கொண்டாய், நான்தான் சொல்ல எழுந்தேனே என்று கத்தினேன். தனம்மா மேடையில் போர்த்திய துண்டை நாலாக மடித்து, அதாலேயே மிஷினின் கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் நீ. தப்பு என்மேலன்னா வேல எனுக்கு. தப்பு அவுருமேலன்னா வேல யாருக்குன்னு நீயே சொல்லு."